நாகூர் தந்த நாவலாசிரியை: சித்தி ஜுனைதா பேகம்

இந்தப் பொன்விழா மலருக்காகப் பழைய படங்களைத் திரட்டத் தொடங்கியபோது, புக்கிட் தெங்காவில் நம் சங்கக் கட்டடத்தின் மேசை முழுவதும் ஐம்பது ஆண்டு காலம் வந்து குவிந்தது. நிர்வாகக் குழுப் படங்கள், மீலாது விழாப் படங்கள், நோன்புக் கஞ்சி காய்ச்சும் படங்கள், சமயப் பள்ளியின் பரிசளிப்புப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர்களின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்து உட்கார்ந்தோம். ஆண்களின் பெயர்களைச் சொல்லப் பெரியவர்கள் இருந்தார்கள். பெண்களோ பெரும்பாலான படங்களில் இல்லவே இல்லை. இருந்த இரண்டொரு படங்களிலும், இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா என்றுதான் சொல்ல முடிந்ததே தவிர, அவர்களுடைய சொந்தப் பெயர் நம்மில் பலருக்குத் தெரியவில்லை. அத்தனை கஞ்சிக்கும் அரிசி களைந்து, இஞ்சி பூண்டு அரைத்துக் கொடுத்தது அந்தக் கைகள்தாம்.

அந்த வெட்கத்தோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். மலர்களில் வழக்கமாக வள்ளல்களையும் கல்விமான்களையும் பற்றி எழுதுவோம். இம்முறை, நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே கடற்கரையில், மூன்றாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டு, பன்னிரண்டு வயதில் மணமுடித்து வைக்கப்பட்டு, இளமையிலேயே கைம்பெண்ணாகி, அதற்குப் பின்னும் தம் பெயரைத் தாமே அச்சில் பொறித்துக்கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி எழுத விரும்பினோம். அவர்தாம் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அம்மையார்.

கடல் கொடுத்த செல்வம்

நாகூருக்கும் பினாங்குக்கும் உள்ள உறவை நம் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1786-ல் பினாங்கு துறைமுகமாகத் திறக்கப்பட்ட காலம் தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து முஸ்லிம் வணிகர்கள் இங்கு வந்தார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதிர் முகைதீன்தான் கப்பித்தான் கெலிங் என்று பெயர் பெற்றுப் பள்ளிவாசல் எழுப்பியவர். நாகூர் ஆண்டகை ஷாகுல் ஹமீது (ரஹ்) அவர்களின் நினைவிடம் ஜார்ஜ் டவுன் சூலியா தெருவின் முனையில் இரு நூற்றாண்டுகளாக நிற்கிறது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் கரையிலும் ஒன்று உண்டு. கப்பலேறியவர்கள் தம் ஊரையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்பதற்கு இவையே சாட்சி.

ஆனால் அவர்கள் கொண்டுவராத ஒன்று உண்டு. அது அவர்களுடைய பெண்கள்.

மரக்காயர்களும் மாலிமார்களும் துணியும் வாசனைப் பொருளும் ஏற்றி அச்சே, பினாங்கு, ரங்கூன், கொழும்பு என்று சென்றார்கள். பிற்காலத்தில் பாய்க்கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்தது. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை ஓடியது. நம் வாப்பாமார்களில் பாதிப் பேர் அதில் வந்திறங்கியவர்கள்தாம். சபர் போனவர்களுக்கு ஊரில் சபராளி என்று பெயர். சபராளி வீட்டுக்கு மணியார்டர் வரும், பட்டு வரும், அத்தர் வரும், பீங்கான் தட்டுகள் வரும். ஆள் மட்டும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருவார். வந்து சில மாதம் இருந்து, ஒரு குழந்தையின் பிறப்புக்கு முன்பே மீண்டும் கப்பலேறிவிடுவார்.

சிலர் இங்கேயும் ஒரு நிக்காஹ் செய்துகொண்டு குடும்பம் நடத்தினார்கள். பினாங்கின் ஜாவி பெரனாக்கான் சமூகத்தின் வேர்களில் ஒன்று அது. அந்தக் குடும்பங்கள் நமக்கு உறவானவை, பெருமையும் சேர்த்தவை. ஆயினும் அக்கரையில் ஒருத்தி, திண்ணைக்குப் பின்னால் இருந்த திரைக்கு உள்ளே, கடிதத்துக்காகக் காத்திருந்தாள் என்பதை இக்கரையில் இருந்த நாம் அடிக்கடி மறந்துவிட்டோம்.

வீடு யாருடையது?

நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மணமான பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகள் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது தகப்பனின் கடமை. சபராளிகள் பினாங்கிலும் ரங்கூனிலும் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்த பணத்தில் பெரும்பகுதி இந்த வீடுகளாகவே நின்றது. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடமும் இதே வழக்கத்தைக் காணலாம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பெண்ணுக்கு வாய்த்த பெரும் பேறாகத் தோன்றும். ஒரு வகையில் பேறுதான். கணவன் கடலில் மறைந்தாலும், அக்கரையில் வேறு குடும்பம் கண்டாலும், அவள் தெருவில் நிற்கமாட்டாள். உம்மாவும் உம்மும்மாவும் சகோதரிகளும் பக்கத்திலேயே இருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தாய்மாமன்கள் துணை.

ஆனால் அந்த வீட்டுப் பத்திரம் அவள் பெயரில் இருந்தாலும், அதைப் படித்துப் பார்க்க அவளுக்குப் பெரும்பாலும் தெரியாது. அவளுடைய நகையை அடகு வைப்பதும் மீட்பதும் தகப்பனோ அண்ணன் தம்பியோதான். மார்க்கம் மஹரை அவளுடைய சொந்தப் பொருளாக ஆக்கியது; வாரிசுரிமையில் அவளுக்குப் பங்கு வகுத்தது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முழு உரிமை தந்த சட்டம் 1882-ல்தான் வந்தது. அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முன்பே நமக்கு அது கிடைத்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறோம். கிடைத்ததை அவள் கையில் கொடுத்தோமா என்ற கேள்வியைக் கேட்பதில்லை.

வாசலைத் தாண்ட வேண்டுமானால் வெள்ளைத் துப்பட்டி. துணைக்கு ஒரு கிழவியோ சிறுவனோ. காயல்பட்டினத்தில் பெண்கள் ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு செல்ல வீடுகளுக்கிடையே சிறிய முடுக்குகளே அமைத்திருந்தார்கள். பெண் பிள்ளை ஐந்து வயதில் ஓதப் போவாள், குர்ஆன் முடிப்பாள், அரபுத் தமிழில் எழுதிய மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் படிப்பாள். பூப்பெய்தும் காலம் நெருங்கினால் அதுவும் நின்றுவிடும். செல்வம் உள்ள வீடுகளில்தான் கோஷா மிகக் கடுமையாக இருந்தது. உப்பளத்திலும் வயலிலும் வேலை செய்த ஏழைப் பெண்ணுக்குத் திரை கட்டிக்கொள்ள வழி இல்லை. பெண்ணை உள்ளே வைத்துக் காப்பாற்ற முடிவதே குடும்பத்தின் வசதிக்கு அடையாளம் ஆகிவிட்டது.

மூன்றாம் வகுப்பும் பன்னிரண்டு வயதும்

இத்தகைய ஊரில், இத்தகைய காலத்தில், 1917-ல் ஜுனைதா பிறந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அன்றைய நிலையில் அதுவே அதிகம் என்று சொல்லியிருப்பார்கள். பன்னிரண்டு வயதில் ஃபகீர் மாலிமாருக்கு மணம் முடித்துவைத்தார்கள். மாலிம் என்றால் கப்பலுக்கு வழி காட்டுபவர் என்று பொருள். மலாய் மொழியிலும் அந்தச் சொல் உண்டு. கடலோடு பிறந்த குடும்பப் பெயர் அது.

பெண்ணுக்குப் பதினான்கு வயதுக்கு முன் மணம் செய்யக் கூடாது என்ற சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஜுனைதாவின் திருமணமும் ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியதே. சட்டம் வந்துகொண்டிருந்தது, அவருக்கு அது உதவவில்லை. இதில் ஒரு குடும்பத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. இந்து வீடுகளிலும் அன்று அதுவே வழக்கம். நம் பாட்டிமார்களின் திருமண வயதைக் கேட்டால் பலரும் அதே எண்ணைத்தான் சொல்வார்கள்.

பிறகு கணவர் மறைந்தார். மற்றப் பெண்கள் கணவனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் வயதில், அவருக்குக் காத்திருக்க எதுவும் இல்லாமல் போனது.

கைம்பெண்ணுக்கு மார்க்கம் வகுத்தது நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அதற்குப் பின் அவள் விரும்பினால் மறுமணம் செய்யலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முதல் மனைவி கதீஜா நாயகி (ரலி) அவர்களே கைம்பெண். அதோடு தம் சரக்கைத் தாமே நாடுவிட்டு நாடு அனுப்பிய வணிகர். இதை நாம் ஆண்டுதோறும் மீலாது மேடையில் கேட்கிறோம். ஆனால் நம் கரையோர ஊர்களில் இளம் கைம்பெண்ணின் இத்தா பல வீடுகளில் நான்கு மாதத்தில் முடியவில்லை. வெள்ளை உடுத்தி, கல்யாண வீட்டில் பின்கட்டில் ஒதுங்கி, பிறர் பிள்ளைகளை வளர்த்து ஆயுளைக் கழித்த பெண்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

ஜுனைதா அம்மையார் படித்தார். கிடைத்ததை எல்லாம் படித்தார். பள்ளி தராத தமிழை வீட்டுக்குள் வந்த நூல்களும் இதழ்களும் தந்தன. அப்போது பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' தமிழ் முஸ்லிம் வீடுகளில் புதிய எண்ணங்களைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. சென்னையில் வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, பெண்ணும் நாவல் எழுதலாம், பத்திரிகையும் நடத்தலாம் என்று காட்டிக்கொண்டிருந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் நாவல் 1936-ல் வந்தது. தபாலில் வரும் இதழுக்குத் துப்பட்டி தேவையில்லை. அது நேராகக் கூடத்துக்கே வந்துவிடும்.

நாகூரின் தமிழ் மரபு

அவருக்குப் பின்னால் நாகூரின் பெரும் புலமை மரபும் இருந்தது. அவ்வூரின் குலாம் காதிறு நாவலர் (1833–1908) நம் பினாங்குக்கு வந்து 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தியவர்; 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' என்ற நெடிய உரைநடைக் கதையைத் தமிழுக்குத் தந்தவர். அதற்குச் சற்று முன்பே, 1885-ல், கண்டியில் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதினார். அவர் முஸ்லிம் பெண் பிள்ளைகளின் படிப்புக்காகவும் பாடுபட்டவர். தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே முஸ்லிம்களின் கை இருந்தது என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அவை எல்லாம் ஆண்களின் கைகள்.

பெண்கள் பாடவில்லையா என்றால், பாடினார்கள். இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசி ரசூல் பீவி, கீழக்கரை ஆசியா உம்மா ஆகிய மூவரும் மெய்ஞ்ஞானப் பாடல்கள் தந்தவர்கள். இறைக்காதலைப் பாடும் பெண்ணை நம் சமூகம் ஏற்றுக்கொண்டது. விலாயத்துப் பெற்றவர் என்று மதித்தது. மனிதர்களின் காதலையும் கடமையையும் உரைநடைக் கதையாக எழுதி, முகப்பில் தன் பெயரைப் போட்டுக் கடையில் விற்கும் பெண் என்பது வேறு விஷயம். அதற்கு முன்மாதிரி நம்மிடம் இல்லை.

1938

1938-ல் 'காதலா? கடமையா?' வெளிவந்தது. ஆசிரியர் பெயர் சித்தி ஜுனைதா பேகம். அவருக்கு வயது இருபத்தொன்று.

கதை அரச குடும்பத்தைச் சுற்றியது. உருவ ஒற்றுமை, ஆள்மாறாட்டம், அரியணைக்குச் சூழ்ச்சி, நடுவில் மலரும் காதல், இறுதியில் கடமைக்காக அதைத் துறத்தல் என்று செல்வது. 1894-ல் அந்தோணி ஹோப் எழுதிய ஜெண்டாக் கைதி கதையின் சாயல் இதில் உண்டு என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தச் சாயலில் பின்னாளில் தமிழ்த் திரைப்படங்களும் வந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காலத் தமிழ் நாவல்களில் பல, கடல் கடந்து வந்த கதைக்குத் தமிழ் உடுப்பு போட்டவைதாம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. திரைக்கு அப்பால் உள்ள உலகை அதிகம் பார்த்திராத ஒரு பெண், அரண்மனையும் போரும் அரசியலும் நடக்கும் கதையைத் துணிந்து எடுத்தார். மூன்றாம் வகுப்பு மட்டும் படித்தவர் அதை எழுதிய தமிழ், புலவர்களும் படிக்கத்தக்க தமிழாக இருந்தது.

அந்தத் தமிழுக்கு நற்சான்று தந்தவர் வேறு யாருமல்லர். ஏட்டுச் சுவடிகளிலிருந்து சங்கத் தமிழை மீட்ட உ.வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது எண்பத்துமூன்று. நாகூரில் கோஷாவுக்குள் இருந்த ஓர் இளம் முஸ்லிம் பெண்ணின் முதல் நூலைப் பாராட்டி அந்தப் பெரியவர் எழுதினார். சமயமோ, பாலோ, பட்டமோ அந்தப் பாராட்டுக்குக் குறுக்கே நிற்கவில்லை. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தமிழ் முஸ்லிம் பெண்களில் முதல் நாவலாசிரியை என்று அவர் போற்றப்படுவது இந்த நூலால்தான்.

ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். நம் வீட்டுப் பெண் இன்று ஒரு கதை எழுதி அதில் காதல் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தால், நாமே எத்தனை கேள்வி கேட்போம்? பெண்ணின் பெயர் அந்நிய ஆணின் வாயில் அடிபடுவதே மரியாதைக் குறைவு என்று எண்ணிய காலம் அது. ஆண் பெயரிலோ, வெறும் எழுத்துகளிலோ அவர் ஒளிந்துகொண்டிருக்கலாம். முழுப் பெயரையே போட்டார்.

பிற நூல்கள்

ஒரு நூலோடு அவர் நிற்கவில்லை. 'செண்பகவல்லி தேவி அல்லது தென்னாடு போந்த அப்பாஸிய குலத் தோன்றல்' என்ற வரலாற்று நாவல், 'மகிழம்பூ', 'மலைநாட்டு மன்னன்', 'ஹலீமா அல்லது கற்பின் மாட்சி', 'பெண் உள்ளம் அல்லது சுதந்திர உதயம்' என்று கதைகள் வந்தன. ஹஸன் பசரீ (ரஹ்) அவர்களின் வரலாற்றையும், தம் ஊர் ஆண்டகையின் வரலாற்றையும் எழுதினார். 'இஸ்லாமும் பெண்களும்' என்ற நூலும் அவருடையது.

இந்தத் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அவர் நின்ற இடம் விளங்கும். மார்க்கத்தை விட்டு விலகியவர் அல்லர் அவர். அவ்லியாக்களின் வரலாற்றைப் பக்தியோடு எழுதிய அதே பேனாவால் பெண்ணின் உள்ளத்தையும் எழுதினார். மார்க்கத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு படித்த ஆலிம்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணும் அதைச் சிந்திக்கலாம் என்பதை அவர் செய்து காட்டினார்.

அதே காலத்தில் மற்ற இடங்களில்

அவர் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்காளத்தில் ரங்பூர் அருகே பைராபந்து என்ற ஊரில், பெரும் ஜமீன் குடும்பத்தில், 1880-ல் பிறந்தவர் பேகம் ரொக்கையா. வீட்டுப் பெண்களுக்கு வங்காளமும் ஆங்கிலமும் கற்பிக்கத் தகப்பனார் இசையவில்லை. எல்லாரும் உறங்கிய பின் அண்ணன் இப்ராஹீம் இரவில் விளக்கை வைத்துக்கொண்டு தங்கைக்குக் கற்பித்தார். பின்னாளில் ரொக்கையா, ஆண்கள் எல்லாரும் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்க, பெண்கள் சூரிய சக்தியைக் கொண்டு நாட்டை ஆளும் ஒரு கனவுக் கதையை எழுதினார். 1905-ல் அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழ் ஒன்று. கணவர் 1909-ல் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு பள்ளி தொடங்கினார். 1911-ல் கல்கத்தாவில் அது எட்டுப் பிள்ளைகளோடு நடந்தது. வீடு வீடாகச் சென்று, திரை போட்ட வண்டி அனுப்புகிறோம் என்று வாக்களித்து, அந்தப் பிள்ளைகளை அழைத்துவந்தார். 1932 டிசம்பர் 9-ல் மறையும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். இவரும் செல்வக் குடும்பத்தவர். இவரும் இளம் கைம்பெண்.

நம் பினாங்கிலேயே 1925–26-ல் செய்யிது ஷேக் அல்-ஹாதி 'பரிதா ஹனூம்' என்ற மலாய் நாவலை வெளியிட்டார். கெய்ரோவின் செல்வக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, படிப்புக்காகவும் தன் மணமகனைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமைக்காகவும் போராடும் கதை அது. ஜெலுத்தோங்கில் அவர் நடத்திய அச்சகம் அந்நாளில் புதிய சிந்தனையின் கூடமாக விளங்கியது. பினாங்கிலிருந்து பேசிய அந்தக் குரல் ஓர் ஆணின் குரல், நல்ல குரல். பன்னிரண்டு ஆண்டு கழித்து, நம் முன்னோரின் துறைமுகத்திலிருந்து பெண்ணே பேசினார்.

அதே பினாங்கில் லைட் தெரு கான்வென்ட் 1852 முதலும், செயின்ட் ஜார்ஜ் பெண்கள் பள்ளி 1885 முதலும் நடந்துகொண்டிருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. பள்ளிகள் இருந்தன. கட்டணம் கட்டப் பணமும் பல வீடுகளில் இருந்தது. மனந்தான் வர வெகு காலம் பிடித்தது.

போர்க்காலமும் பின்னரும்

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தபோது நாகப்பட்டினக் கப்பல் நின்றது. மணியார்டர் நின்றது, கடிதமும் நின்றது. மூன்றரை ஆண்டுக்கு மேல் அக்கரையில் இருந்த பெண்களுக்குத் தம் கணவன்மார் உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூடத் தெரியவில்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: வைர அட்டிகை போட்டிருந்தவர்கள் அதை விற்று அரிசி வாங்கினார்கள்; பாய் முடைந்தும் தைத்தும் பிள்ளைகளை வளர்த்தார்கள். அதுவரை கணக்கு வழக்குத் தெரியாது என்று சொல்லப்பட்ட பெண்கள் அந்த ஆண்டுகளில் குடும்பத்தை நடத்தினார்கள். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் சாவிக்கொத்தும் திரும்பிப் போனது.

ஜுனைதா அம்மையாரின் நூல்கள் பல அந்தப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அச்சேறின. நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் வாழ்ந்திருக்கும்போதே காலம் எவ்வளவு மாறியது என்பதற்கு இரண்டு ஆண்டுகளைச் சொன்னால் போதும். 1955-ல் சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் முயற்சியால் முஸ்லிம்கள் நடத்தும் மகளிர் கல்லூரி தோன்றியது. 1988-ல் கீழக்கரையிலேயே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட சிறுமி, தம் முதுமையில், தம்மைப் போன்ற கரையோரப் பெண்கள் பட்டம் பெறுவதைக் கேள்விப்படும் வரை இருந்தார். 1998 மார்ச் 19 அன்று இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்னாருக்கு அல்லாஹ் உயர்ந்த சுவனத்தை அருள்வானாக.

நமக்கு என்ன?

இன்று புக்கிட் தெங்காவிலும் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் நம் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். தொழிற்பேட்டையில் பொறியாளராகவும், மருத்துவமனையில் மருத்துவராகவும், பள்ளியில் ஆசிரியையாகவும் இருக்கிறார்கள். அப்படியானால் பழங்கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம்.

நம் குடும்பங்களில் இன்னும் கடையின் கணக்கு மகனிடம்தான் போகிறது. மகளுக்கு வீடும் நகையும் தாராளமாகச் செய்கிறோம். அது நம் மரபு, நல்ல மரபு. வாரிசுப் பங்கு பிரிக்கும் நாளில் தங்கைகளைக் கூப்பிட்டு, அண்ணனுக்கே விட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. விட்டுக் கொடுக்காதவளைப் பேராசைக்காரி என்கிறோம். நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலும் பெண்கள் மாடியில் அமர்ந்து கேட்டார்கள். வாக்களிக்க எழுந்தவர்கள் கீழே இருந்தவர்கள். இதை எழுதும் நாமும் அப்படிக் கீழே அமர்ந்திருந்தவர்கள்தாம். பிறரைச் சுட்டிக் காட்டி நாம் தப்பிக்க முடியாது.

ஜுனைதா அம்மையாரின் வாழ்வில் செல்வமுள்ள ஊர் இருந்தது. புலமை மரபு இருந்தது. உரிமை தந்த மார்க்கம் இருந்தது. இத்தனையும் சுற்றிலும் இருக்க, எழுதுவதற்கான இடத்தை அவர் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எத்தனை ஜுனைதாக்கள் அப்படி உண்டாக்கிக்கொள்ள முடியாமல், கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மவுத்தானார்களோ, அதற்குக் கணக்கு இல்லை.

ஆகவே இந்த மலரைத் தொகுத்த நாங்கள் சிறியதொரு காரியம் தொடங்கியிருக்கிறோம். படங்களில் இல்லாத பெண்களின் பெயர்களைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். கஞ்சிக்கு அரைத்தவர்கள், சமயப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அலிப் பே சொல்லிக் கொடுத்தவர்கள், மையித்துக் குளிப்பாட்ட ஓடிவந்தவர்கள், சங்கக் கட்டட நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தவர்கள். உங்கள் உம்மாவின் பெயரும், உம்மும்மாவின் பெயரும், அவர்கள் பிறந்த ஊரும் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். தெரியாதவர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் ஆள் இருக்கும்போதே கேளுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் என்று எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த பக்கங்களை நிரப்ப வேண்டியது நாம் அனைவரும்.